நோயாளி தெரிவிக்கிறார்

“அது கேட்டதைத்தான் மேடம் எழுதும். சார் நல்லாப் பேசுறார்னு அதுல இருக்கு. எல்லாரும் வந்து என்கிட்டயே கத்துனா நான் எங்க போய்க் கத்துறது?” சொல்லிவிட்டு ஷெரின் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். பூப்போலச் சாத்தினாள். அது கேட்டதைத்தான் எழுதும். எது? அதற்குப் பெயர் கிடையாதா, அப்பன் ஆத்தாள் கிடையாதா, யார் சட்டையைப் பிடித்து உலுக்குவது? டிரஸ்ட் ஆபீஸ் வராந்தாவின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, பிரமிளா அந்தப் பெண் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், கடைசியில் அவள் குரல் கொஞ்சம் உடைந்ததையும் சேர்த்து. உடையட்டும். இருபத்தாறு வயசு, கழுத்தில் அடையாள அட்டை, அடக்கமாய் ஒரு பின்னல், எதற்கெடுத்தாலும் ஒரு ‘ஓகே மேடம்’. நல்லாப் பேசுகிறாராம். நல்லாப் பேசுகிறவர் பக்கத்தில்தான் இருந்தார், சக்கர நாற்காலியில், வலது கையை யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமான்போல மடியில் வைத்துக்கொண்டு. நீலமேகம். அவள் புருஷன், பக்கவாதம் வந்து ஏழு மாதம். இந்த ஏழு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். ‘ஆமா.’ ‘அது.’ ‘போ.’ ஒரே ஒருமுறை ‘தண்ணி’ என்றார், ஓடிப்போய்க் கொண்டுவந்தாள், கேட்டது தண்ணீர் இல்லை, சட்டை. இந்த மனுஷனுக்குப் பேச்சு வந்துவிட்டதென்று ஒரு போன் எழுத, அதை ஒரு டிரஸ்ட் நம்ப, செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த இம்மானுவேல் இந்த வாரம் வரவில்லை. ‘உங்க கேஸ் முடிஞ்சுதுன்னு மெசேஜ் வந்துச்சும்மா, சந்தோஷப்பட்டேன்’ என்றான் போனில். சந்தோஷப்பட்டானாம். ‘முதல் ஒரு வருஷத்துல எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவும் லாபம்மா, இடையில விட்டா நின்னுடும்’ என்று போன மாதம் சொன்னவனும் அவனேதான். அவள் போட்ட சத்தத்தில் மறு மதிப்பீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், இன்றைக்குப் பதினோரு மணிக்கு. பத்து நிமிஷம். ஷெரின் கேள்வி கேட்பாள், அதே போன் கேட்டுக்கொண்டிருக்கும், அது எழுதுவதுதான் முடிவு. மணி பத்து நாற்பது.

அந்தப் போனைப் பார்த்த நாளே அவளுக்குப் பிடிக்கவில்லை. புதன்கிழமை தோறும் டிரஸ்டிலிருந்து ஷெரின் வீட்டுக்கு வந்து அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவாள். அதுவரைக்கும் கோடு போட்ட நோட்டு, பேனா, எழுதும்போது நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். எழுத நேரமாகும். அந்த நேரத்தில் பிரமிளா இரண்டு விஷயம் கூடுதலாகச் சொல்லலாம், ‘அதை எழுதாதே, இதை எழுது’ என்றும் சொல்லலாம். ஒரு மாதத்துக்கு முன்னால் நோட்டு போய்ப் போன் வந்தது. டீப்பாயில், மாத்திரை டப்பாவுக்கும் தைலத்துக்கும் நடுவே, முகம் மேலே பார்க்கக் கிடந்தது, மல்லாந்த கரப்பான்போல. ‘நாம பேசுறதை அதுவே கேட்டு அதுவே ரிப்போர்ட் எழுதிடும் மேடம். நான் உங்க முகத்தைப் பார்த்துப் பேசலாம்ல?’ முகத்தைப் பார்க்க இவள் என்ன பெண் பார்க்கவா வந்தாள்? பிறகு ஒரு சம்மதப் படிவம், நான்கு பக்கம், கடுகு கடுகாய் எழுத்து. பிரமிளா எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. பால் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைக்கூடப் படிப்பாள், நாத்தனார் மகள் கல்யாணப் பத்திரிகையில் இங்கிலீஷ் பிழைக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள். அன்றைக்கு அடுப்பில் பால். பொங்கப் போகிற சத்தம். போட்டுவிட்டாள். பால் என்னவோ பொங்கவில்லை, கையெழுத்துத்தான் போனது. அந்த நான்கு பக்கத்தில் என்ன இருந்தது? குக்கர் விசில் அதற்குக் கேட்குமா? அவள் பாத்திரத்தோடு பேசுவது கேட்குமா? எங்கே போய்ச் சேருகிறது அத்தனையும், எந்த ஊரில், யார் உட்கார்ந்து காது கொடுக்கிறான்? புதன்கிழமை அரை மணி நேரம்தான் அந்தப் போன் வீட்டில் இருக்கிறது, தெரியும். தெரிந்தும் ஒரு மாதமாகத் தன்னுடைய போனையும் துணி போட்டு மூடிவிட்டுத்தான் யாரையும் திட்டுகிறாள். மூடுவதை நீலமேகம் பார்த்தார். பார்த்துவிட்டு, வேலை செய்கிற இடது பக்க வாயால் சிரித்தார். சிரிக்கத் தெரிகிறது. சிரிப்புக்கு வார்த்தை தேவைப்படுவதில்லை.

மடியில் நான்கு தாள், நான்கு புதன்கிழமை. ‘எங்க பைலை நாங்க பார்க்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?’ என்று நேற்று நின்று வாங்கியது. எல்லாம் இங்கிலீஷ். முதல் சந்தேகம் அங்கேதான்: பேசியது தமிழ், எழுதியது இங்கிலீஷ், நடுவில் எங்கே எதைத் தூக்கிப் போட்டதோ. இரண்டாவது சந்தேகம், பிழை இல்லை. கான்வென்டில் பதினொரு வருஷம், சிஸ்டர் பெர்னதெத்தின் ஸ்கேலால் விரல் முட்டியில் வாங்கி வளர்ந்த கண் ஒரு தாளில் பிழை தேடித் தோற்றது இதுதான் முதல் தடவை. காற்புள்ளி வரைக்கும் சுத்தம். மனுஷர் எழுதினால் எங்கேயாவது ஒரு இடத்தில் வழுக்கும். நோயாளி தெரிவிக்கிறார், நோயாளி தெரிவிக்கிறார் என்று வரிக்கு வரி. இரவு நன்றாகத் தூங்கியதாக நோயாளி தெரிவிக்கிறார். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதாகவும் சட்னியில் காரம் அதிகமென்றும் தெரிவிக்கிறார். மலச்சிக்கல் இல்லை என்று தெரிவிக்கிறார். எதிர்வீட்டு நாய் விடியற்காலையில் குரைப்பது பற்றி விரிவாகத் தெரிவிக்கிறார். முழு வாக்கியங்களில், தடையின்றி, தெளிவாக. அடப்பாவிகளா. வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். டிரஸ்ட் என்றால் எங்கேயோ கொடையாளி ஒருத்தன் இருப்பான், வருஷக் கடைசியில் அவனுக்கு வழவழப்பாய் ஒரு புத்தகம் போகவேண்டும், இத்தனை பேர் நடந்தார்கள், இத்தனை பேர் பேசினார்கள், அட்டையில் ஒருவர் பல் தெரியச் சிரிக்கவேண்டும். பேசாதவனைப் பேசினான் என்று எழுத மனுஷக் கை கொஞ்சமாவது கூசும், இதற்குக் கூச்சமேது. இப்படிச் சூடேற்றிக்கொண்டுதான் காலையில் ஆட்டோ ஏறினாள். ஆட்டோவில் இரண்டாம் தடவை படித்தாள். தெப்பக்குளம் திருப்பத்தில், நாய் வரிக்கு வந்தபோது, படிப்பதை நிறுத்தினாள். நாயைப் பற்றிப் பேசியது அவள். இட்லி, அவள். காரம், அவள். மலச்சிக்கலும் அவள்தான். ‘சார், ராத்திரி தூங்கினீங்களா?’ என்று ஷெரின் அவரைப் பார்த்துக் கேட்பாள். அவர் தொண்டையில் என்னவோ புரளத் தொடங்கும். அதற்குள், ‘நல்லாத் தூக்கம், ஒரு மணிக்கு ஒரு தடவை முழிப்பு, அப்புறம் அந்த நாய்’ என்று பிரமிளா. கேள்வி அவருக்கு, பதில் வந்துவிட்டது. எந்த வாயிலிருந்து வந்தால் அதற்கென்ன? நடுவில் அவர் இழுத்ததும் முனகியதும், ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியதும், எல்லாவற்றையும் கீரையில் மண் அலசுகிற மாதிரி அலசிக் கொட்டிவிட்டது. இம்மானுவேல் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னான்: ‘கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து எண்ணுங்கம்மா, பத்து முடியிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க.’ அவள் மூன்று வரைக்கும் எண்ணியிருக்கிறாள். ஒருமுறை நான்கு. அந்த நான்கில் இவர் முகம் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்குமா? முங்கி மூச்சுக்குத் தவிக்கிறவனைக் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருக்கச் சொல்கிறான், அவனுக்கென்ன, அவன் புருஷனா.

அதுவும் இந்த ஏழு மாதத்துப் பழக்கமா என்ன? இருபத்தெட்டு வருஷம். ரயில்வே ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்த மனுஷனுக்கு வாய் எதற்கு என்று அவளே கேலி செய்திருக்கிறாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் அவள் பேசுவாள். பையன் அட்மிஷனுக்கு அவள் பேசுவாள். துக்க வீட்டில்கூட அவள்தான் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும், இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யாராவது, ‘நீங்க என்ன நினைக்கிறீங்க நீலமேகம்?’ என்று நேராகக் கேட்டுவிட்டால், ‘அதான் அவ சொல்லிட்டாளே.’ அவ்வளவுதான். பெருமையாகச் சொல்கிறார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது, இந்த இரும்பு நாற்காலியில், அதே மூன்று சொல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தால் ஓசை வேறு மாதிரி கேட்கிறது. சலிப்பா? இல்லை. இருக்கலாம். சலிப்பென்றால் வாயைத் திறந்து சொல்வதுதானே, அப்போதெல்லாம் வாய் நன்றாகத்தானே இருந்தது, யார் தடுத்தது? வாயுள்ள பிள்ளை பிழைக்கும். ஒரு வீட்டில் ஒரு வாய் போதாதா?

“அக்கா, உங்களுக்கு எத்தனாவது நம்பர்?” பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள். முக்காடு, பிளாஸ்டிக் கூடை, கூடையில் பிளாஸ்க். பெயர் ரஹ்மத்தாம், பாலக்கரையிலிருந்து வருகிறாளாம்; கேட்காமலே சொன்னாள். அவளுக்கு அப்பால் முப்பது வயசில் ஒரு ஆள், தலையின் ஒரு பக்கம் முடி முளைக்காத தழும்பு, சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். “என் தம்பிக்கா. லேத் பட்டறையில வேலை. பைக்குல விழுந்து தலையில அடி. அஞ்சு மாசமா லிஸ்டுல இருந்தோம். வர்ற வெள்ளிக்கிழமையிலேர்ந்து பேச்சு சொல்லித்தர சார் நம்ம வீட்டுக்கு வர்றாரு. யாருக்கோ குணமாயிடுச்சாம், அந்த எடம் எங்களுக்கு விழுந்துச்சு. யாரு பெத்த புள்ளையோ, அவங்க நல்லா இருக்கணும்.” பிரமிளாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வந்து அங்கேயே நின்றது. அவள் வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கிற காரியம். “ஆமா” என்றார் நீலமேகம். ரஹ்மத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. “மாஷா அல்லாஹ்! பாருங்கக்கா, அண்ணன் எவ்வளவு தெளிவாப் பேசுறாங்க! இவன் வாயிலேர்ந்து இப்படி ஒண்ணு வந்தாப் போதும், நான் நேர்ந்துக்கிட்ட ஆட்டைக் குடுத்துருவேன்.” பிரமிளா, “அவர் எல்லாத்துக்கும் ஆமாதாம்மா சொல்லுவார்” என்றாள். “அதுக்கென்னக்கா, எங்க வீட்டு ஆம்பளை எதுக்குமே ஆமா சொன்னதில்லை” என்று அவள் சிரித்துவிட்டுப் பிளாஸ்க்கைத் திருகித் தம்பிக்கு டீ ஊற்றப் போய்விட்டாள். அவன் வாங்கிக் குடித்தான். கழுத்து மெலிந்து எலும்பு ஏறி இறங்கியது. இவனிடமிருந்தா பிடுங்குவது? பிடுங்குவது என்ன, அது எங்கள் இடம். எங்கள் இடமா? போன் அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதே. கேட்டதைத்தான் எழுதுமாம்.

மணி பத்து ஐம்பத்திரண்டு. மூன்றாவது தாளை அவள் அடியில் வைத்திருந்தாள், பார்க்கக் கூடாதென்று. வைத்ததாலேயே கை அங்கே போனது. மூன்றாவது புதன்கிழமை. கடைசிக்கு முந்தின வரி. தன் மனைவி மிகவும் களைத்திருப்பதாகவும், அவர் சில நாட்கள் எங்காவது போய் ஓய்வெடுக்க வேண்டுமென்றும் நோயாளி தெரிவிக்கிறார். இதை அவள் சொல்லவில்லை. நாய் அவள், இட்லி அவள், இது அவள் இல்லை. களைப்பு என்ற சொல்லை அவள் வாயால் சொல்லிக் கேட்டவர் யாருமில்லை, செத்தாலும் சொல்லமாட்டாள். பின்னே யார்? மூன்றாவது புதன், ஷெரின் வெயிலில் வந்தாள், ‘காபி குடிக்கிறியா?’ என்று அவள் எழுந்து உள்ளே போனாள், டிகாக்ஷன் இருந்தது, பால் சுடவைக்க மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷம் கூடத்தில் இவர், ஷெரின், போன். அந்த மூன்று நிமிஷத்தில்தான். காலையில் வந்ததும் இதைத்தான் முதலில் கேட்டாள், அதில்தான் சண்டை. ‘ஞாபகம் இல்ல மேடம், ஒரு நாளைக்கு ஒன்பது வீடு.’ ‘நீ அங்கதானே உட்கார்ந்திருந்தே?’ ‘அது எழுதிக்கும்னுதானே மேடம் நான் எழுதல.’ ‘அப்போ அந்தக் குரலைப் போட்டுக் காட்டு.’ ‘ரிப்போர்ட் வந்ததும் குரல் அழிஞ்சுடும் மேடம், உங்க பாதுகாப்புக்குத்தான்.’ என் பாதுகாப்பு. ஆக, கேட்டது அழிந்துபோயிற்று, எழுதினது மட்டும் நிற்கிறது. ஷெரினே சொல்லியிருப்பாள், ‘மேடம் ரொம்ப டயர்டா இருக்காங்க, ரெஸ்ட் எடுக்கணும்ல சார்?’ என்று, இவர் வழக்கம்போல ‘ஆமா’ என்றிருப்பார், அது இரண்டையும் சேர்த்துப் பிசைந்து ஒரு உருண்டையாக்கி இவர் கணக்கில் வைத்திருக்கும். அப்படித்தான் இருக்கும். இல்லை, யாருமே சொல்லாமல் அதுவாகவே எழுதிக்கொண்டதா? அப்படியானால் அவள் உடன்பிறந்தவர்களுக்கும் பெற்ற பிள்ளைக்கும் தோன்றாத ஒன்று ஒரு போனுக்குத் தோன்றியிருக்கிறது, அதுவும் நல்லதற்கில்லை. மூன்றாவது வழியைத்தான் அவளால் சுற்றிச் சுற்றி வரமுடிந்தது, உள்ளே போக முடியவில்லை. இவரே சொல்லியிருந்தால். அவள் முதுகு திரும்பியதும், கூடம் அமைதியானதும், எண்ணிக்கொண்டு நிற்க ஆளில்லாதபோது, ஒவ்வொரு சொல்லாகத் தடவிப் பிடித்து, யாரோ ஒரு பெண்ணிடம், மல்லாந்து கிடக்கும் ஒரு போனிடம். அப்படியானால் பேச்சு இருக்கிறது. என்னோடு பேசத்தான் இல்லை. அப்படியானால் அது எழுதியது சரி, அவள் கத்தியது தப்பு, இடம் அந்தத் தழும்புக்காரனுக்குப் போனது நியாயம். இவரிடமே கேட்டுவிடலாம் என்று ஆட்டோவிலேயே இரண்டு தரம் திரும்பினாள். கேட்கவில்லை. ‘நீங்கதான் சொன்னீங்களா?’ என்றால் ‘ஆமா.’ ‘இல்லைதானே?’ என்றாலும் ‘ஆமா.’ அது மட்டுமா, கேட்ட கையோடு பதிலையும் அவளே சொல்லிவிடுவாள், தன் வாயை அவளுக்குத் தெரியும். சரி, இன்றைக்கு உள்ளே போய் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவர் திணறுவார், பதில் வராது, அது எழுதும், இம்மானுவேல் திரும்ப வருவான். திணறவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவேண்டும். எந்தச் சாமியிடம் போய் இதை வேண்டுவது, கான்வென்டில் சொல்லிக்கொடுத்த எந்த ஜெபத்தில் இது வரும்? பேசிவிட்டால் பயிற்சி போச்சு. பேசாவிட்டால்… பேசாவிட்டால் அந்த வரி இவருடையது இல்லை.

“நீலமேகம் சார், வாங்க.”

அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஷெரினின் கண் கொஞ்சம் சிவந்திருந்தது, பிரமிளா அதைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். சக்கர நாற்காலியை மேசைக்கு நேராக நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள். “மேடம், இன்னிக்கு சார் மட்டும்தான்…” “தெரியும்.” “இல்ல, நீங்க நடுவுல…” “தெரியும்னு சொன்னேன்ல?” ஷெரின் போனைத் தொட்டு மேசை நடுவில் வைத்தாள். அதன் திரையில் நொடிகள் ஓட ஆரம்பித்தன. “சார், இன்னிக்கு இங்க எதுக்கு வந்திருக்கீங்க?” நீலமேகத்தின் உதடு பிரிந்தது. தொண்டையில் அது புரண்டது, அந்த அரைபடும் ஓசை, பழைய கிரைண்டரில் கல் நகர்வதுபோல. பிரமிளா கீழுதட்டைக் கடித்தாள். பதில் அவள் வாயில் முழுசாக வந்து நின்றது, பேச்சுப் பயிற்சிக்கு, பேச்சுப் பயிற்சிக்கு வந்திருக்கோம், சூடான கொழுக்கட்டைபோல விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். அவர் நெற்றியில் வேர்த்தது. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. பிறகு அவர் தலை மெல்ல, பழகிய பாதையில் மாடு திரும்புகிற மாதிரி, அவள் பக்கம் திரும்பியது; அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும், மார்க்கெட்டில் கனமான பையை ‘இந்தா, நீ பிடி’ என்று நீட்டுகிற பார்வை. இருபத்தெட்டு வருஷமாக வாங்கிப் பிடித்தது. கை நீண்டுவிட்டது. நீண்ட கையை மடியில் இழுத்துப் போட்டாள். ஷெரின் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இப்படியே இருந்தால் போதும், இன்னும் எட்டு நிமிஷம், இம்மானுவேல் வந்துவிடுவான், செவ்வாயும் வெள்ளியும், ஒரு வருஷம் முடிய இன்னும் ஐந்து மாதம், இப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்.

“ஏங்க” என்றாள் பிரமிளா.

“மேடம், ப்ளீஸ்.”

“ஒரு நிமிஷம் இரும்மா. அது கேட்டா கேட்டுக்கட்டும், எழுதுனா எழுதிக்கட்டும்.” குரல் அவளுடைய குரல் மாதிரியே இல்லை. நாற்காலியை இழுத்து அவர் முழங்காலுக்கு எதிரே போட்டுக்கொண்டாள். “அன்னிக்குக் காபி போட நான் உள்ள போனேனே, அப்ப இவகிட்ட ஏதோ சொன்னீங்களாமே?” அவர் கண் அவள் முகத்திலேயே இருந்தது. உதடு ஒருதரம் கூடிப் பிரிந்தது. விசிறி சுற்றியது. நொடிகள் ஓடின. ஷெரினின் கை போனுக்கு மேலே வந்து தொடாமல் நின்றது.

“ஆமான்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் எழுந்திருக்க மாட்டேன், நடுவுல பேச மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். அன்னிக்கு இவகிட்ட என்ன சொன்னீங்களோ, அதை என்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க.”